வெட்டிய வயரும் உசிலம்பட்டி ரோட்டுக் கொள்ளும்

செல்விக்கும் குமாருக்கும், இந்த வருஷம் நம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை நான் பட்டறைக்கு வந்தபோது, குமார், நீ ஒரு பழைய காரில் ஸ்கேனரைச் சொருகி நின்றுகொண்டிருந்தாய். எஞ்சின் லைட் அணையவே மாட்டேன் என்கிறது என்று வந்த கார். புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியது. வண்டிக்காரர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிற அவசரத்தில் இருந்தார். நீ பொத்தானை அமுக்கி லைட்டை அழித்தாய். "சரி பண்ணியாச்சு சார், நிம்மதியா போயிட்டு வாங்க" என்றாய்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் உன்னைத் திருத்த வேண்டாம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அதே வார்த்தையை அதே மாதிரி லைட்டுக்கு நானும் சொல்லியிருக்கிறேன். அதை நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. செல்வி அப்போது தவழ்கிற பிள்ளை, குமார் பிறக்கவில்லை. பட்டறை காளவாசலில் ஒரு தகரக் கொட்டகை. மதுரையில் ஓடிய கார்கள் மொத்தமே இரண்டு மூன்று ஜாதிதான். எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு கை விடுவேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. ஆயில் லைட், சார்ஜ் லைட் இரண்டையும் தவிர டேஷ்போர்டில் வேறு லைட் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

காதர் பாய்க்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. அவர் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் வழியாக ஜப்பானிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கார் பாயிடம் இருந்தது. வரும்போதே பழசு. ஆனால் ஊரில் அதைப் போல இன்னொன்று கிடையாது. அதைப் பழுது பார்க்கிறவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ஒரு மாசி மாதக் காலையில் பாயும் அவர் டிரைவர் பாண்டியும் வந்தார்கள்.

"தம்பி, ரெண்டு நாளா ஒரு செவப்பு லைட்டு முழிச்சு முழிச்சுப் பாக்குது. என்னன்னு பாரு. பத்து மணிக்கு நான் உசிலம்பட்டி கிளம்பணும். சுபைதாவைக் கூட்டியாரணும்."

சுபைதா பாயின் ஒரே மகள். உசிலம்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். பஸ்ஸில் குலுங்க வேண்டாம், காரில் அலுங்காமல் வரட்டும் என்று நாள் பார்த்து வைத்திருந்தார்.

லைட்டைப் பார்த்தேன். ஒரு குழாய் படம், அதன் மேல் நெளிநெளியாய்க் கோடு, பக்கத்தில் ஜப்பான் எழுத்து.

"என்னண்ணே எழுதியிருக்கு?" என்று பாண்டி எட்டிப் பார்த்தான்.

"'பாண்டி சொன்ன பேச்சைக் கேக்க மாட்டான்'னு எழுதியிருக்கு" என்றார் பாய். மூவரும் சிரித்தோம்.

ஆயில் பார்த்தேன், சரியாக இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. பல்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கார்பெட்டுக்கு அடியில் ஓடி, பின் சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே இறங்கியது. சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தேன். சைலென்சருக்கு முன்னால் இன்னொரு சின்ன சைலென்சர் மாதிரி ஒரு தகரப் பெட்டி. அந்த வயர் அதன் உடம்பில் போய் நின்றது. சூட்டை அளக்கிற சமாச்சாரம் என்று மட்டும் புரிந்தது.

அங்கேதான் என் புத்தி சறுக்கியது. சைலென்சர் சுடாமல் குளிரவா செய்யும், அதை அளக்க ஒரு லைட்டா என்று நினைத்தேன். பனி கொட்டுகிற நாட்டுக்காரன் ஏதோ செய்து வைத்திருக்கிறான், நம் மதுரை வெயிலுக்கு அது எப்போதும் எரியத்தான் செய்யும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சொருகியைக் கழட்டக்கூட இல்லை. காருக்குள் வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கட்டிங் பிளையரால் வயரை ஒரே வெட்டு. பெட்டிக்குக் கீழே ஒரு தகடு துருப்பிடித்துக் கடகடவென்று ஆடியதையும் பார்த்திருந்தேன். சுபைதாவுக்குச் சத்தம் தொந்தரவாக இருக்குமே என்று அதையும் கழட்டி மூலையில் போட்டேன். நல்லது செய்கிற நினைப்பில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தபோது நாலு சிலிண்டரில் ஒன்று நடுநடுவே தவறியது கேட்டது. மூன்றாவது பிளக் வயரில் வெடிப்பு. அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்து சாவியைத் திருகச் சொன்னேன். லைட் எரியவில்லை.

"சரி பண்ணிட்டேன் பாய். நிம்மதியா போயிட்டு வாங்க."

"மாஷா அல்லாஹ்! ஜப்பான்காரன் உன்கிட்ட வந்து படிக்கணும் தம்பி" என்றார். எஞ்சினை ஓடவிட்டபடியே எனக்கும் பாண்டிக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

பதினொன்றரைக்கு மேல் ஒரு டாக்ஸி வந்தது. அடியில் படுக்க அந்தச் சாக்கை எடுத்து உதறினேன். கையோடு ஒரு துண்டு உதிர்ந்தது. சுருட்டின பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சாக்கு பழுப்பாகி, நடுவில் கருகியிருந்தது. மோந்து பார்த்தேன். தீய்ந்த வாடை. பீடி குடிக்கிற ஆள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. சாக்கு கிடந்தது அந்தப் பெட்டிக்கு நேர் கீழே. டீ குடித்த நேரத்துக்குள் இப்படி ஆகியிருக்கிறது.

சாக்கைப் பிடித்தபடியே நின்றேன். அப்போதுதான் ஒவ்வொன்றாய் விளங்கியது. தவறுகிற சிலிண்டரில் எரியாத பெட்ரோல் எங்கே போகும்? குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குள் போய் எரியும். பெட்டி பழுக்கும். அதைத்தான் அந்த லைட் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கழட்டிப் போட்ட தகடு அந்தச் சூடு கீழே இறங்காமல் காத்த தகடு. சொன்ன வாயையும் அடைத்து, காத்த கையையும் வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

இருந்தாலும் ஒரு மனசு, ரோட்டில் ஓடுகிற வண்டிதானே, கீழே தார்தானே என்றது. அடுத்த நிமிஷம்தான் நினைவு வந்தது. மாசி மாதம். உசிலம்பட்டி ரோடு. கொள்ளு.

வெளியூரிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கம் மானாவாரிக் காடு. மாசியில் கொள்ளைப் பிடுங்கியதும் செடியோடு அப்படியே தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் நெற்று வெடித்துப் பயறு உதிரும். சருகாய்க் காய்ந்த கொடி. சின்னக் காராக இருந்தால் அடியில் சுற்றிக்கொண்டு பந்து பந்தாய்க் கூடவே வரும். ஓட்டுகிறவர்கள் யாரும் அதைப் பெரிதாய் எடுப்பதில்லை.

உசிலம்பட்டியில் பாயின் சம்பந்தி வீட்டில் போன் கிடையாது. ஒரு வாத்தியார் பிரேக் பார்க்க விட்டுப்போன மோட்டார் சைக்கிள் நின்றது. கேட்க நேரமில்லை. உதைத்துக் கிளப்பினேன்.

நாகமலை ஓரமாகப் போகும்போது கண்ணெல்லாம் எதிரே வருகிற வண்டிகளில்தான். வெள்ளையாய் எது வந்தாலும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். செக்கானூரணி தாண்டினேன். முதல் கொள்ளுப் பரப்பு வந்தது. பிறகு இன்னொன்று, அதைவிட நீளமாக. இத்தனை பரப்பின் மேலும் அந்தக் கார் ஏற்கனவே ஒரு தடவை போயிருக்கிறது, இப்போது சுபைதாவை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் என்று நினைக்க நினைக்க வண்டியை இன்னும் முறுக்கினேன்.

ஒரு வறண்ட ஓடைப் பாலத்தைத் தாண்டினதும் அடுத்த பரப்பு. ரோடு முழுக்கக் கொள்ளு. ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை கவைக்கம்பால் செடியைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தது. பெயர் ஒச்சம்மா என்று பிறகு தெரிந்தது. பரப்பின் அந்தக் கோடியில் வெள்ளைக் கார் ஏறிக்கொண்டிருந்தது. அடியில் தாடி மாதிரி கொடி தொங்கியது. அதிலிருந்து சாம்பிராணிப் புகைபோல மெல்லிசாய் ஒரு கோடு.

மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு நடுவே ஓடி இரண்டு கையையும் தூக்கினேன். "நிறுத்து! நிறுத்து!"

அன்றைக்கு நான் செய்த கடைசித் தப்பு அது. சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான் என்று பாய் கேலி பண்ணின பாண்டி, என் கையைப் பார்த்ததும் உடனே பிரேக்கை மிதித்தான். கார் கொள்ளுக்கு நட்டநடுவில் நின்றது. முழங்கால் உயரச் சருகு. பழுத்த பெட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. புகைக் கோடு தடித்தது.

ஒச்சம்மா என்னைப் பார்த்துக் கத்தியது. "ஏப்பா! மிதிக்க வந்த வண்டிய மறிக்கிற? ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சீதனமா?"

எனக்கு அது காதில் ஏறவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து சுபைதாவை இறக்கலாமா என்று ஒரு நினைப்பு. நிறைமாதப் பெண் அந்தச் சருகுக் குவியலில் கால் வைத்து எத்தனை நேரத்தில் வெளியே வருவாள்? சுற்றிலும் பற்றினால் எந்தப் பக்கம் போவாள்? கார் ஓடிவந்தால் காற்றுப் பட்டு அடியில் பற்றலாம். ஆனால் ஐம்பது அடி வந்துவிட்டால் வெறும் பாலம், வெறும் தரை. இரண்டும் ஆபத்து. யோசிக்கக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். கையை மாற்றி ஆட்டினேன்.

"நிக்காதடா! வா! வா! பாலத்துக்கு வா!"

பாண்டி தலையை வெளியே நீட்டினான். "என்னண்ணே, நிப்பாட்டவா, வரவா? ஒண்ணைச் சொல்லுங்கண்ணே!"

"வாடா! அடியில தீ! மிதிச்சு வா!"

அவன் முகம் செத்துப்போனது. ஆனால் வந்தான். கார் கொள்ளைக் கிழித்துக்கொண்டு வந்தது. அது நின்ற இடத்தில் ஒரு மஞ்சள் நாக்கு எழுந்தது. காரின் அடியிலும் தொங்கிய கொடி குப்பென்று பற்றியது. எரிகிற வாலோடு பாலத்தின் மேல் வந்து நின்றான்.

பின்கதவைத் திறந்தேன். பாய் முன்பக்கமிருந்து குதித்து ஓடிவந்தார். இருவரும் ஆளுக்கொரு கையாய்ப் பிடித்து சுபைதாவை இறக்கினோம். "மெதுவா, மெதுவா" என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

திரும்பிப் பார்த்தால் ஒச்சம்மா காருக்கு அடியில் கவைக்கம்பை விட்டு எரிகிற கொடியைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் அதன் கொள்ளே எரிகிறது. ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீக? ஓடையில இம்புட்டு மணல் கெடக்கு, அள்ளிப் போடுங்கடா!"

நானும் பாண்டியும் அதன் சொளகாலேயே மணலை வாரி வாரி அடித்தோம். கடைசிக் கொடி வெளியே வந்தது. பெட்ரோல் டேங்குக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது என்பதைக் கரி படிந்த இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் எல்லோரும் கொள்ளுக்கு ஓடினோம். ஒரு பஸ் வந்து நின்று, அதிலிருந்தவர்களும் இறங்கி வேப்பங்குழையால் அடித்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கருகிப்போனது.

பாய் ஒச்சம்மாவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அட விடுங்க பாய். பயறு அடுத்த மாசிக்கு வெளையும்" என்று அது சொளகை உதறியது. "பிள்ளைய மொதல்ல பஸ்ஸுல ஏத்துங்க. வெயில்ல ஒக்காத்தி வெச்சிருக்கீக."

காரின் பின்கதவு திறந்தே கிடந்தது. சுபைதா கால் வைத்திருந்த இடத்தில் கார்பெட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. பஸ்ஸில் ஏற எழுந்து வந்த அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னது:

"அத்தா, நான் அப்பவே சொன்னேன்ல? காலு சுடுதுன்னு."

"ஆமாம்மா, சொன்னே. ரெண்டு தடவை சொன்னே." பாய் என் பக்கம் திரும்பினார். "நான் பாண்டியைக் கேட்டேன் தம்பி. அவன் லைட்டைப் பாத்துட்டு, 'எரியல பாய், அண்ணன் சரி பண்ணிட்டாரு, வெயில் சூடுதான்'னான். நானும் பிள்ளைகிட்ட அதையே சொல்லிட்டேன். காலை மேல தூக்கி வெச்சுக்கன்னேன்." உருகின கார்பெட்டைக் காட்டினார். "இம்புட்டு சூட்டுக்கு அந்த லைட்டு ஏன் தம்பி எரியல?"

பிள்ளைகளே, எரிகிற கொள்ளைவிட அந்தக் கேள்விதான் எனக்குப் பயமாக இருந்தது. 'பல்பு போயிருக்கும் பாய்' என்று சொன்னால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. பாண்டியே எனக்காக அதைச் சொல்ல வாயெடுத்தான்: "பல்பு கிலுபு..."

"இல்ல பாய்" என்றேன். "நான் வயரை வெட்டிட்டேன்."

பஸ் கண்டக்டர் விசில் வாயில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாத வண்டி. வெட்டினதுக்கு உன்னை ஒண்ணும் சொல்லல" என்றார் பாய். "வெட்டிட்டேன் பாய், என்னன்னு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பிள்ளை காலு சுடுதுன்னப்ப நான் அவ பேச்சை நம்பியிருப்பேன். நீ சரி பண்ணிட்டேன்னே. அதனால நான் உன்னை நம்பி, என் மகளை நம்பல."

சொல்லிவிட்டு மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். அலுங்காமல் வரட்டும் என்று நாள் பார்த்தவர், கடைசியில் அந்தக் குலுங்குகிற பஸ்ஸில்தான் கூட்டிப்போனார்.

கார் ஆறும் வரைக்கும் நானும் பாண்டியும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்து வெட்டின வயரை முறுக்கி டேப் சுற்றினேன். வெடித்த பிளக் வயருக்கும் டேப் சுற்றி, எதன் மேலும் படாமல் தூக்கிக் கட்டினேன். பத்து நிமிஷம் ஆனது. காலையில் அரை மணி நேரம் என்று கணக்குப் போட்ட வேலை.

பாண்டி மோட்டார் சைக்கிளில் முன்னால் போனான். கொள்ளுக்காரர்களிடம் சொல்லிச் செடியை ஓரம் ஒதுக்கச் சொல்லி வழி பண்ணிக்கொண்டே போனான். நான் காரைக் கட்டை வண்டி வேகத்தில் ஓட்டினேன். செக்கானூரணி மேட்டில் லைட் எரிந்தது. வெறும் தரை பார்த்து நிறுத்தினேன். பிளக் வயரில் சுற்றின டேப் நழுவியிருந்தது, இறுக்கினேன். லைட் அணைந்தது. அதற்குப் பிறகு காளவாசல் வரை எரியவில்லை. அந்த லைட் என்ன சொல்கிறது என்று ஜப்பான் எழுத்து படிக்காமலே அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. காலையிலும் அது இதையேதான் சொன்னது. கேட்கிற காது எனக்கு இல்லை.

பாயின் மச்சான் அடுத்த லீவில் வந்தபோது விவரம் சொன்னார். புகையில் இருக்கிற நஞ்சை எரிக்கிற பெட்டியாம் அது. நம் ஊர்ப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலம். அந்த ஈயம் அதற்கு ஆகாதாம். பெட்டியை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டோம். அந்தத் தடவை, பெட்டி போன பிறகுதான், பாயிடம் சொல்லிவிட்டுத்தான், அவர் கண் முன்னால் அந்த வயரைக் கழட்டினேன்.

சுபைதாவுக்குச் சுகப்பிரசவம். பாய் வேறு பட்டறைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் என்னிடம் "சரியா போச்சா தம்பி?" என்று கேட்டதில்லை. "என்ன பண்ணினே தம்பி?" என்றுதான் கேட்பார். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பார்க்காததையும் சொல்வேன். வாசல்வரை போனவர் சில நாள் திரும்பிவந்து, "பாக்காதது வேற ஒண்ணும் இல்லையே?" என்பார்.

எல்லா லைட்டும் தீ இல்லை, குமார். அது எனக்கும் தெரியும். இப்போதைய வண்டியில் முக்கால்வாசிக்கு அடுத்த வாரம் பார்த்தாலும் போதும். ஆனால் எது எது என்று நீயும் நானும் பார்த்தால்தானே தெரியும். செவ்வாய்க்கிழமை நீ பார்க்கவில்லை, அழித்தாய். அந்தக் காரின் பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று ஜன்னல் வழியாக எனக்கு டாட்டா காட்டியது. நானும் காட்டினேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் நம்பர் மேஜை மேல் இருக்கிற நோட்டில், செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மூன்றாவதாக இருக்கிறது. இதைப் படித்து முடித்த கையோடு போன் பண்ணு. "லைட்டை அழிச்சேன் சார், சரி பண்ணல, வண்டியக் கொண்டு வாங்க" என்று சொல். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். பாலத்தின் மேல் நின்று சொல்வதைவிட போனில் சொல்வது லேசு.

அப்பா